200 டாலருக்குள் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர்: மான் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் எதை வாங்கலாம்?

#1 ஓக்மரத்தடி (பென்சில்வேனியா)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி. இன்றுதான் முதல் இழை தொடங்குகிறேன்.

போன வருடம் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து உரிமம் எடுத்தேன். கையில் இருப்பது .308 ரைபிள், போல்ட் ஆக்‌ஷன், மேலே 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப். தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை இங்கே ரைபிள் மான் சீசன் தொடங்கும். மற்ற நாட்களில் கிளப்பில் 100, 200, 300 யார்டில் காகித இலக்கு. ஒரு நண்பருக்குப் பண்ணை இருக்கிறது. அங்கே மலைச்சரிவில் அங்கங்கே இரும்புத் தகடு தொங்கவிட்டுச் சுடுவோம்.

என் பிரச்சினை, தூரம் கணிக்கவே வரவில்லை. காட்டுக்குள் 150 என்று நினைத்த இடத்துக்கு நடந்து பார்த்தால் 90 யார்டுதான். பவர்லைனுக்காக மரம் வெட்டிய திறந்த வெளியில் 200 என்று நினைத்தது 310. அதனால் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாம் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. 80 டாலர் பெட்டியிலும் 1000 யார்டு என்று போட்டிருக்கிறான், 400 டாலர் பெட்டியிலும் 1000 யார்டு என்று போட்டிருக்கிறான். என்னதான் வித்தியாசம்?

அப்புறம் இன்னொன்று. அலுவலக நண்பர் ஒருவர் தன் பழைய கால்ஃப் ரேஞ்ச்ஃபைண்டரைச் சும்மா கொடுத்திருக்கிறார். அதையே வைத்து ஓட்டிவிடலாமா?

#2 டெக்சஸ்_மாமா

வாங்க தம்பி.

பெட்டியின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள். அது கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அடிக்கும் பொருளுக்கான தூரம். சாலையோரப் பலகையைப் பார்த்து அடித்தால் எந்தக் கருவியும் சூரன்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், நல்ல நிறுவனமாக இருந்தால், மூன்று எண்கள் இருக்கும்: பளபளப்பான பொருள், மரம், மான். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. உதாரணத்துக்கு லூபோல்ட் ஆர்எக்ஸ்-1400ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே 1400. மரத்துக்கு 1200, மானுக்கு 900 என்று அவர்களே பிரித்துச் சொல்கிறார்கள். மூன்றையும் சொல்லாமல் ஒரே எண்ணை மட்டும் போட்டிருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே வையுங்கள்.

மான் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். மேகமூட்டமான நாளில், கருவியை எதன் மீதாவது சாய்த்துப் பிடித்தால் வரும் எண் அது. உச்சிவெயிலில் கையில் பிடித்தபடி பார்த்தால் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவக் கணக்கு இது, யாரும் ஆதாரம் கேட்காதீர்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி. நீங்கள் உண்மையில் எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறீர்கள்? அதைச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

#3 கணக்குப்புலி

மாமா சொன்னதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலை நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கருவி ஒரு லேசர் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒளி ஒரு நானோசெகண்டில் சுமார் 30 செ.மீ. போகும். 300 மீட்டர் போய் வர 2 மைக்ரோசெகண்ட் ஆகும். ஒரு மீட்டர் துல்லியம் வேண்டுமென்றால் ஏழு நானோசெகண்டுக்குள் அளக்க வேண்டும். இது இன்று மலிவான சிப்புக்கே சாதாரண வேலை. அதனால் 80 டாலர் கருவியும் 400 டாலர் கருவியும் எண் காட்டினால் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். "±1 யார்டு" என்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

வித்தியாசம் வேறு இடத்தில். எந்தப் பொருளிலிருந்து திரும்பி வந்த எண் அது?

சாதாரணக் கருவிகளில் 905 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு இருக்கும். அதன் கற்றை ஊசி மாதிரிப் போகாது, விரிந்துகொண்டே போகும். 1 மில்லிரேடியன் விரிவு என்றால் 100 மீட்டரில் 10 செ.மீ. விரிவு 2 என்றால் 300 மீட்டரில் 60 செ.மீ. அகலத்துக்குப் பரவிவிடும். மானின் நெஞ்சு மேலிருந்து கீழாக 45 செ.மீ. இருந்தாலே அதிகம். மீதிக் கற்றை பின்னால் இருக்கும் மரத்திலும் முன்னால் இருக்கும் புல்லிலும் படுகிறது. கருவி எதன் எதிரொலியைத் தேர்ந்தெடுத்தது என்று உங்களுக்குத் தெரியாது. மானைப் பார்த்து அழுத்தி, புதரின் தூரத்தை வாங்கிக்கொள்வீர்கள்.

கூடுதல் காசு போவது குறுகிய கற்றைக்கும், நல்ல வில்லைக்கும், எந்த எதிரொலியை எடுப்பது என்று முடிவு செய்யும் மென்பொருளுக்கும்தான். கற்றை விரிவைப் பெட்டியில் போடாத நிறுவனங்களே அதிகம் என்பது என் நெடுநாள் கோபம்.

#4 பழைய_ஸ்கோப்

நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். பென்சில்வேனியாக் காட்டு மரங்களுக்கு நடுவே மான் சுட ரேஞ்ச்ஃபைண்டர் எதற்கு?

.308-ல் 150 கிரெய்ன் தோட்டா போட்டு 200 கெஜத்தில் (உங்கள் யார்டுதான்) ஜீரோ செய்யுங்கள், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். 100-ல் சுமார் 2 அங்குலம் மேலே அடிக்கும். 250-ல் மூன்று, மூன்றரை அங்குலம் கீழே. மானின் உயிர்நிலை எட்டு அங்குல வட்டம். நெஞ்சின் நடுவில் பிடித்தால் 250 கெஜம் வரை எண்ணே தேவையில்லை. அங்கே 250-க்கு மேல் எதையும் பார்க்கவே முடியாதே!

அதற்கும் மேலே வேண்டுமென்றால் ஸ்கோப்பில் மில் கோடு (ஆயிரம் கெஜத்தில் ஒரு கெஜத்தைக் காட்டும் அளவுக்கோடு) இருந்தால் போதும். மானின் நெஞ்சு அரை கெஜம், அதாவது 18 அங்குலம் என்று வையுங்கள். அது 2 மில் உயரம் தெரிந்தால், அரையை ஆயிரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 250. பேட்டரியும் வேண்டாம், 200 டாலரும் வேண்டாம். அந்தக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள்.

#5 கணக்குப்புலி

எல்லா மானும் 18 அங்குலம் இல்லையே சார். 15 அங்குல இளம் மானைப் பார்த்து இதே கணக்குப் போட்டால், 210-ல் நிற்பதை 250 என்று சொல்வீர்கள். அதோடு மில் கோட்டால் மானை அளக்க வேண்டும் என்றால் துப்பாக்கி முனையை அதன் பக்கம் திருப்பியாக வேண்டும். மான் என்று நினைத்து அளந்தது புதருக்குப் பின்னால் நிற்கும் இன்னொரு வேட்டைக்காரராக இருந்தால்?

#6 பழைய_ஸ்கோப்

இரண்டாவது சொன்னது நியாயம். முனையைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். முதலாவதற்கு என் பதில்: 210-ஐ 250 என்று நினைத்தாலும் நெஞ்சின் நடுவில் பிடித்தால் மான் விழும். அதைத்தானே சொன்னேன்.

#7 ஓக்மரத்தடி

இருவருக்கும் நன்றி. காட்டில் நான் சுடுவது பெரும்பாலும் 40 முதல் 150 யார்டு. பவர்லைன் வெட்டில் உட்கார்ந்தால் 300 வரை பார்க்க முடியும். ஆனால் 250-க்கு மேல் மானைச் சுடுவதில்லை என்று எனக்கு நானே வைத்திருக்கும் விதி. இரும்புத் தகடு 400 வரை.

இன்று அந்த கால்ஃப் கருவியைப் பண்ணைக்கு எடுத்துப் போனேன். மேட்டின் மேலே ஒரு 8 அங்குலத் தகடு. கருவி இரண்டு எண் காட்டியது. ஒன்று 280. அதற்குக் கீழே, சாய்வைக் கணக்கில் எடுத்த எண், 330-ஐ ஒட்டி. நான் படித்தவன் இல்லையா, சாய்வுக் கணக்குதான் சரி என்று 330-க்கு ஸ்கோப்பின் டயலைத் திருப்பினேன். நான்கு குண்டும் தகட்டின் தலைக்கு மேலே போய் மண்ணில் அடித்தது. நண்பர் சிரித்த சிரிப்பு பக்கத்துப் பண்ணைக்குக் கேட்டிருக்கும்.

கருவி கெட்டுப்போயிருக்கிறதா?

#8 டெக்சஸ்_மாமா

கருவி கெடவில்லை தம்பி. அது உங்கள் கையில் துப்பாக்கி இருக்கிறது என்று நினைக்கவில்லை, கால்ஃப் கம்பு இருக்கிறது என்று நினைத்தது. புலி வந்து விளக்கட்டும்.

#9 கணக்குப்புலி

இதில் மாட்டுபவர்கள் நிறைய பேர். நிதானமாகப் படியுங்கள்.

கால்ஃப் பந்து உயரே எழும்பி, சரிவாக வந்து விழும். மேடு என்றால் பந்து முழுத்தூரம் போவதற்குள் தரை குறுக்கே வந்துவிடும். அதனால் மேட்டுக்கு அடிக்கும்போது அதிக தூரத்துக்கான கம்பை எடுக்க வேண்டும். தோராயமாக, எத்தனை யார்டு உயரமோ அத்தனை யார்டு கூட்டு. பள்ளம் என்றால் கழி. கால்ஃப் கருவியின் சாய்வுக் கணக்கு இதுதான்.

குண்டுக்கு அப்படி இல்லை. புவியீர்ப்பு இழுப்பது நேர் கீழ்நோக்கி. அதனால் குண்டு எவ்வளவு தாழும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கிடைமட்டத் தூரம். மேலே பார்த்துச் சுட்டாலும் சரி, கீழே பார்த்துச் சுட்டாலும் சரி, கணக்கு ஒன்றுதான்: நேர்த்தூரத்தைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். இரண்டு பக்கமும் குறையத்தான் செய்யும், ஒருபோதும் கூடாது.

உங்கள் 280 யார்டுக்குச் சாய்வு 12 டிகிரி என்று வைப்போம். கொசைன் 0.978. விடை 274. நீங்கள் திருப்பியதோ 330. .308-ல் அந்த வித்தியாசம் தகட்டில் சுமார் 5 அங்குலம் மேலே போய் நிற்கும். 8 அங்குலத் தகட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு 4 அங்குலம். நண்பர் சிரித்ததில் தப்பே இல்லை.

கால்ஃப் கருவியில் சாய்வை அணைத்துவிட்டு வெறும் நேர்த்தூரத்தை மட்டும் எடுத்திருந்தால் குறி சரியாக இருந்திருக்கும்.

#10 மரைத்தடம் (மெல்பர்ன்)

நல்ல இழை. நான் இங்கே விக்டோரியா மலைக்காட்டில் சாம்பார் மான் தேடித் திரிகிறவன். ஊரில் நாங்கள் மரை என்று சொல்வது, தமிழ்நாட்டு ஆட்கள் மிளா, கடமான் என்பது, அதேதான். 1860-களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது இங்கே பெருகிக் கிடக்குது. நானும் அங்கேயிருந்து வந்தவன், அதுவும் அங்கேயிருந்து வந்தது. மலையில் நேருக்கு நேர் சந்திக்கும்போது இரண்டு பேருக்கும் கொஞ்சம் சங்கடம்தான்.

கால்ஃப் கருவியில் இன்னுமொரு பிரச்சினை இருக்கு. கொடிக்கம்பம் முன்னால், மரங்கள் பின்னால். ஆகவே கற்றையில் முதலில் பட்டது எதுவோ அதை எடுக்கும்படி செய்திருப்பார்கள். காட்டில் அதற்கு நேர்மாறு. மான் பின்னால், பன்னம் (பெரணிச் செடி) இலையும் கிளையும் முன்னால். எங்களுக்கு வேண்டியது கடைசியாகப் பட்டதை எடுக்கும் முறை. வேட்டைக்கென்று செய்த கருவிகள் பலவற்றில் இரண்டுக்கும் மாற்ற வழி இருக்கும். வாங்கும்போது அதைக் கேளுங்கோ. என் முதல் கருவியில் அது இல்லை. ஒரு ஆண்மரை 120 மீட்டரில் நின்றது, கருவி 14, 14, 14 என்று பன்னத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதோடு மல்லுக்கட்டி முடிக்க முன்னமே மரை போய்விட்டது.

மழைக்கும் பனிமூட்டத்துக்கும் எந்தக் கருவியும் மசியாது. மூட்டத்தில் கற்றை எங்கட மூக்குக்கு முன்னாலேயே சிதறித் திரும்பும். நனைந்த கறுத்த மயிரும் ஒளியை விழுங்கும். அதற்கு ஒரே வழி, மிருகம் வர முன்னமே சுற்றியிருக்கிற மரத்தையும் கல்லையும் அளந்து மனதில் வைப்பது.

#11 புதுவரவு_டாலஸ்

மன்னிக்கவும், இழைக்குச் சம்பந்தம் இல்லாத கேள்வி. நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கட்டும், எனக்குத் துப்பாக்கியே வாங்க முடியுமா?

#12 டெக்சஸ்_மாமா

எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. அதற்குச் சில விலக்குகள் உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதில் ஒன்று. உரிமம் காலாவதியானால் அந்த விலக்கும் போச்சு. உங்கள் விசா நிலையை வைத்து ஒரு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். க்ரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மேலே கேட்க வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள்.

#13 கோவை_வில்லாளி

துப்பாக்கிக்காரர்கள் நடுவே ஒரு வில்லாளி. இங்கே 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் எனக்கு வேட்டைப் பேச்சே இல்லை. நான் அடிப்பது காகிதமும் நுரை இலக்கும் மட்டும். ஆனால் தூரம் தப்பினால் வில்லுக்குத்தான் அதிக அடி, அதைச் சொல்ல வந்தேன்.

என் காம்பவுண்டு வில்லில் அம்பு நொடிக்கு 280 அடி வேகம். 30 யார்டுக்கு வைத்த குறிமுள்ளால் (பின்) 40 யார்டு இலக்கை அடித்தால் அம்பு சுமார் 9 அங்குலம் கீழே போகும். வெறும் 5 யார்டு தப்பினாலே 4 அங்குலம். நீங்கள் எல்லாம் 250 வரை எண்ணே வேண்டாம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் ஃபீல்டு போட்டியில் ஒரு பகுதி முழுக்கத் தூரம் சொல்ல மாட்டார்கள். தூரமானி உள்ளே கொண்டுவரவும் கூடாது. பிறகு எனக்கு எதற்கு என்றால், பழகுவதற்கு. தோட்டத்தில் நடந்துபோய் ஒரு தென்னையைப் பார்ப்பேன், 37 மீட்டர் என்று வாய்விட்டுச் சொல்வேன், அப்புறம் அழுத்திப் பார்ப்பேன். முதல் மாதம் 8 மீட்டர் வரை தப்பியது. இப்போது 3-க்குள் வருகிறது. கருவி இல்லாமல் தூரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அந்தக் கருவிதான்.

இதற்கு மிக மலிவான கருவியே போதும். 60 மீட்டருக்கு மேல் எனக்கு வேலையே இல்லை. குறைந்தபட்சத் தூரம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். சில கருவிகள் 10 யார்டுக்கு உள்ளே இருப்பதை அளக்காது.

#14 ஓக்மரத்தடி

நான் பரண் மேலே 20 அடி உயரத்தில் உட்காருவேன். அப்படியானால் சாய்வுக் கணக்கு எனக்குக் கட்டாயம் வேண்டுமா? அந்த வசதி உள்ள மாடலுக்கு 40 டாலர் கூடக் கேட்கிறார்கள்.

#15 கணக்குப்புலி

20 அடி உயரம், மான் அடிமரத்திலிருந்து 20 யார்டு. கருவி காட்டும் நேர்த்தூரம் 21 யார்டு. வித்தியாசம் ஒரு யார்டு. ரைபிளுக்கு அது ஒன்றுமே இல்லை, வில்லுக்குக்கூடப் பெரிதாக இல்லை. பரணுக்காக 40 டாலர் கொடுக்காதீர்கள்.

30 டிகிரி சரிவில் 300 யார்டு என்றால் விடை 260. அங்கே அது காசுக்கு மதிப்பு. மலைச்சரிவில் தகடு அடிப்பவர் நீங்கள், அதற்காக வேண்டுமானால் வாங்கலாம். இல்லையென்றால் செல்போனில் கோணம் பார்த்துக் கொசைன் போடலாம். தகடு எங்கும் ஓடிவிடாது.

#16 டெக்சஸ்_மாமா

சரி, இனி கடைக்குப் போவோம். 250 வரை மான், 400 வரை தகடு என்று சொல்லிவிட்டீர்கள். மானுக்கு 600, 700 என்று நேர்மையாகப் போட்டிருக்கும் எதுவும் உங்களுக்குத் தாராளம். 2000 யார்டு கருவிக்கு ஆசைப்பட வேண்டாம்.

200-ஐ ஒட்டி நான் பார்ப்பது மூன்று: லூபோல்ட் ஆர்எக்ஸ்-1400ஐ, வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் எச்டி 1400, புஷ்னெல் பிரைம் வரிசை. தள்ளுபடி நாளில் விலை மேலே கீழே ஆடும். முதல் இரண்டும் 5 மடங்கு பெரிதாக்கும், பிரைம் 6 மடங்கு. வோர்டெக்ஸில் ஒரு வசதி, எத்தனையாவது கை மாறி வந்ததாக இருந்தாலும் உத்தரவாதம் கூடவே வரும். அதனால் பழையது வாங்க எனக்குப் பயமில்லை. 400 டாலர் கருவியை அரைவிலைக்கு விற்பவர்கள் சீசன் முடிந்த ஜனவரியில் நிறையக் கிடைப்பார்கள்.

இரண்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்று, எண்ணின் நிறம். மலிவான கருவிகளில் எல்சிடி திரை, எண் கறுப்பாகத் தெரியும். மான் வருவது விடிகிற நேரத்திலும் இருட்டுகிற நேரத்திலும். இருண்ட மரத்தின் மேல் கறுப்பு எண்ணை எந்தக் கண்ணால் பார்ப்பது? ஐந்து சீசன் அப்படித்தான் கருவியை வானத்துக்குத் திருப்பித் திருப்பி எண்ணைப் படித்தேன். சிவப்பு எழுத்தில் ஒளிரும் திரை வாங்குங்கள். வெளிச்சத்தைக் குறைக்கும் வசதியும் வேண்டும், இல்லையென்றால் அந்திநேரத்தில் சிவப்பே கண்ணைக் கூசவைக்கும்.

மற்றது பேட்டரி. பெரும்பாலானவற்றில் சிஆர்2 போடுவார்கள். உங்கள் ஊர்க் குளிரில் அது சோர்ந்துவிடும். கருவியை உள்சட்டைப் பையில் வையுங்கள், உதிரி ஒன்றையும் வையுங்கள். ரீசார்ஜ் ஆகும் சிஆர்2 என்று விற்பதில் சிலது மூன்று வோல்ட்டைத் தாண்டும். கையேட்டில் அனுமதி இல்லாமல் அதைப் போடாதீர்கள். நான் ஒருமுறை மூன்று டாலர் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு கருவியைக் கொன்றிருக்கிறேன்.

குண்டின் பாதையையே கணக்குப் போட்டுச் சொல்லும் மாடல், போனோடு பேசும் மாடல், இதெல்லாம் உங்களுக்கு இப்போது வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல பைனாகுலர் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் 8×42 இல்லையென்றால் முதலில் அதுதான். பிறகு வில்லிலோ துப்பாக்கியிலோ பொருத்தும் மின்னணுக் கருவிகளுக்குச் சில மாநிலங்களில் தனி விதி உண்டு. உங்கள் மாநில விதிப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

#17 மரைத்தடம்

வாங்கியதும் இரண்டு சோதனை செய்யுங்கோ, திருப்பிக் கொடுக்கிற கெடு முடிய முன்னம்.

முதலாவது, உண்மையாகத் தெரிந்த ஒரு தூரம். உங்கட ஊரில் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம் இல்லாத பள்ளிக்கூடம் இல்லை. கோல்கம்பத்தடியில் நின்று எதிர்க் கம்பத்தை அளந்தால் 120 யார்டு வர வேண்டும். 100 இல்லை. கம்பம் நிற்பது இரண்டு பக்கமும் 10 யார்டு தள்ளி. சுடுதளத்துப் பலகையை நம்பாதேங்கோ, நான் போகிற ஒரு இடத்தில் 200 மீட்டர் பலகை 192-ல் நிற்குது.

இரண்டாவது சோதனையை ஒருவரும் செய்கிறதில்லை. குறிவட்டமும் லேசரும் ஒரே இடத்தைப் பார்க்குதா? வானத்துக்கு எதிரே தனியாக நிற்கிற ஒரு விளக்குக் கம்பத்தைத் தேடுங்கோ. ஸ்கேன் முறையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடத்திலிருந்து வலம் மெதுவாக நகர்த்துங்கோ. எண் எப்போது வருது, எப்போது போகுது என்று பாருங்கோ. அப்புறம் ஒரு கூரை விளிம்பில் மேலிருந்து கீழே. என் இப்போதைய கருவியில் லேசர் குறிவட்டத்தின் கீழ்விளிம்பில்தான் விழுகுது. அது தெரிந்த பிறகு எனக்கு ஒரு கவலையும் இல்லை, கொஞ்சம் மேலே பிடிக்கிறேன். தெரியாமல் இருந்த ஆறு மாதமும் கருவியைத்தான் திட்டினேன்.

#18 ஓக்மரத்தடி

வாங்கிவிட்டேன். மாமா சொன்ன மூன்றில் ஒன்று, பழையது, 140 டாலர், சிவப்பு எழுத்து. எது என்று சொன்னால் இங்கே அடுத்த சண்டை தொடங்கும் என்பதால் சொல்லவில்லை. மைதானத்தில் கம்பத்துக்குக் கம்பம் 120, 120, 121. லேசர் குறிவட்டத்தின் வலது ஓரத்தில் விழுகிறது. மரைத்தடம் அண்ணா, கும்பிடு.

பண்ணையில் நண்பரின் அதே தகடு. கருவி 274 என்றது. முதல் குண்டிலேயே டங் என்று சத்தம். நண்பர் சிரிக்கவில்லை.

#19 ஓக்மரத்தடி

சீசன் முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் சனிக்கிழமை விடியுமுன் பரணில் ஏறினேன். வெளிச்சம் வந்ததும் சுற்றிலும் அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்தேன்: பீச் மரம் 42, விழுந்து கிடக்கும் கட்டை 65, வெள்ளைப் பாறை 88, பவர்லைன் வேலி 140. அளந்து முடித்துக் கருவியை உள்பைக்குள் போட்டேன். எட்டு மணிக்கு வேலிப்பக்கம் ஒரு ஆண்மான். தூரம் தெரியும், 140. ஆனால் இங்கே 2002 முதல் கொம்பு விதி இருக்கிறது. எங்கள் பகுதியில் ஏதாவது ஒரு பக்கக் கொம்பில் மூன்று கிளையாவது இருக்க வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் வழியாக எண்ணிப் பார்த்தேன், இரண்டா மூன்றா என்று தெரியவே இல்லை. துப்பாக்கி ஸ்கோப்பைத் தூக்கிக் கொம்பு எண்ண மனம் வரவில்லை. போகவிட்டேன். பைனாகுலர் என்று மாமா சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு பெண்மான், அதற்கும் உரிமம் இருந்தது. கட்டைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நின்றது. 60 யார்டு இருக்கும் என்று காகிதத்தைப் பார்க்காமலே தெரிந்தது. கருவியை வெளியே எடுக்கவே இல்லை. ஒரே குண்டு, முப்பது அடி போய் விழுந்தது.

#20 பழைய_ஸ்கோப்

வாழ்த்துகள் தம்பி. 140 டாலர் கருவி பைக்குள், மான் 60 கெஜத்தில், 200-ல் ஜீரோ செய்த துப்பாக்கி. நான் #4-ல் என்ன சொன்னேன் என்று ஒருமுறை மேலே போய்ப் பார்க்கவும்.

#21 ஓக்மரத்தடி

பார்த்தேன் சார். ஆனால் கட்டை 65-ல் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் பார்க்கவும். :)

#22 கோவை_வில்லாளி

அந்த கால்ஃப் கருவி என்ன ஆச்சு? வேண்டாமென்றால் ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், தென்னைமரம் அளக்கிறேன்.

#23 ஓக்மரத்தடி

தாமதம் சகோ, அதற்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் பவுண்டரி எங்கே போடுவது என்று ஒவ்வொரு வாரமும் தகராறு. 65 யார்டு என்பார்கள், நடந்து அளந்தால் குட்டைக்காலனுக்கு ஒன்று, நெட்டைக்காலனுக்கு ஒன்று. இப்போது நடு ஸ்டம்பிலிருந்து கொடிக்கம்பைப் பார்த்து ஒரு அழுத்து. கொடியைத் தேடிப் பிடிப்பதுதானே அதற்குத் தெரிந்த ஒரே வேலை. சாய்வை மட்டும் அணைத்து வைத்திருக்கிறேன். மேற்குப் பக்கம் கொஞ்சம் மேடு.